டவர் சட்டை

நீலச் சட்டை ஒன்று அந்த லாண்டரியில் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்து, தேய்த்து, விழுந்த பொத்தானுக்குப் புதுப் பொத்தான் வைத்து எல்லாம் முடித்தாயிற்று. வாங்கிப்போகத்தான் ஆளைக் காணோம். "ஆளு எங்க போனான்னே தெரியல, சட்டை மட்டும் மாப்பிள்ளை மாதிரி வெறைப்பா நிக்குது" என்று லாண்டரிக்காரரின் மனைவி அதன் தூசியைத் தட்டும்போதெல்லாம் சொல்வாள். தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் அந்தச் சட்டைக்கும் ஓர் உத்தியோகம் வந்து சேர்ந்தது.

வீடு என்று தனியாக ஒன்றும் இல்லை. கடையின் வால்தான் வீடு. தெருவைப் பார்த்து கல்லாமேஜை. அதன் பின்னால் வயிறு பெருத்த இரண்டு துவைக்கும் மெஷின்கள். அப்புறம் இஸ்திரி அறை. அதைத் தாண்டி ஒரு நடை. அதில் உலர்த்தும் மெஷினும், தலைக்கு மேலே துணி மாட்ட நீளக் குழாயும். பிறகு சமையலறை. கடைக்கோடியில் பாப்பாவின் அறை. பாப்பா என்றால் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது, இருபத்தைந்து வயசு. கிழிந்த துணியை இழை தெரியாமல் தைப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது.

ஆகவே அந்த வீட்டில் மூன்று பேரும் கையால்தான் பேசினார்கள். பாதி அவள் பள்ளிக்கூடத்தில் கற்றுவந்தது, பாதி அவர்களே வீட்டில் கூட்டிக்கொண்டது. கைப்பேச்சில் நீ, நீங்க என்ற பேதமெல்லாம் கிடையாது. விரலை நீட்டினால் தீர்ந்தது. இங்கே எழுதும்போது மரியாதையை நம் பங்குக்கு நாம் சேர்த்துக்கொள்வோம்.

பாப்பாவுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். அவனுக்கும் காது கேட்காது. பழைய மாணவர்கள் கூடின இடத்தில் பழக்கம். வேறொரு ஊரில், ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. விடிவதற்கு முன்னால் போனால் மத்தியானம்தான் கை ஒழியும். உடனே அவளை வீடியோவில் கூப்பிடுவான். பாப்பாவின் அம்மா அவனுக்கு வைத்த பெயர் ரொட்டி.

இங்கேதான் சிக்கல். வைஃபை பெட்டி இருந்தது முன்கடையில், கல்லாவுக்கு மேலே. அதன் வீச்சு நடைக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும், அறை வரை எட்டாது. போனிலிருந்த நெட் பேக்கோ வீடியோவுக்கு ஒரு வாய் காணாது. முதலில் பாப்பா முன்கடையில் ஒரு மூலையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ரொட்டி ஏதோ கதை சொன்னான். மாவு பிசையும் மெஷினில் முதலாளியின் தொப்பி விழுந்த கதை. கல்லாவிலிருந்து அதை அவள் போனில் பார்த்துவிட்ட லாண்டரிக்காரர் தன்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் சிரிப்பில் குலுங்குகிற தோளும் வயிறும் கண்ணில் பட்டன. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள், பிறகு தன் போனைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று.

அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. நமக்கெல்லாம் ரகசியம் பேசக் குரலைத் தாழ்த்தினால் போதும். கையால் பேசுகிறவளுக்குக் கிசுகிசு ஏது? கண் எட்டுகிற தூரம் வரைக்கும் எல்லாருக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இத்தனை நாளும் அவள் மனசில் இருந்ததையெல்லாம் கடை நடுவே ஒலிபெருக்கி வைத்துப் பேசியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் போனோடு தன் அறைக்குப் போய்விட்டாள். அங்கே ரொட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பாதிக் கையோடு உறைந்து நின்றது. லாண்டரிக்காரர் இணைப்புக் கொடுத்த லைன்காரரைக் கூப்பிட்டார்.

லைன்காரர் கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, பெட்டி மேல தப்பில்ல. நடுவுல ரெண்டு மெஷினு, மொத்தமும் இரும்பு. சிக்னல் எப்படிப் போகும்?"

"அப்ப வழியே இல்லியா?"

"நடுவுல ஒருத்தர் நின்னு வாங்கிக் குடுத்தாப் போகும். எங்க, உங்க போனைக் குடுங்க." வாங்கி நோண்டினார். "பரவால்லியே, இது வைஃபையப் புடிச்சுக்கிட்டே ஹாட்ஸ்பாட்டும் போடுது. அக்கா போனையும் பாக்கலாம்... ம்ஹூம். இதுல ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு அணைஞ்சிடுது. உங்க போனுதான் தோது."

"அப்படின்னா?"

"அந்த நேரத்துக்கு உங்க போனை நடையில வெச்சிடுங்க. முன்னாலேர்ந்து வாங்கி பின்னால குடுத்துக்கிட்டே இருக்கும். வெச்ச எடத்தை விட்டு அசையக் கூடாது, அவ்வளவுதான்."

அசையக் கூடாது என்றதும் மனைவி சிரித்தாள். காரணம் இருந்தது. லாண்டரிக்காரருக்கு உட்கார்ந்து போன் பேச வராது. மணி அடித்தால் போதும், காதில் வைத்துக்கொண்டு கடைவாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். தெருக்காரர்கள் அவருக்கு ரோந்து என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இடம் பார்க்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. அவர் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடையில் அடிமேல் அடி வைத்தார். அறையிலிருந்து பாப்பா தன் போனைப் பார்த்து, சிக்னல் எத்தனை கோடு என்று விரலால் காட்டினாள். ஒரு விரல். இரண்டு. இன்னும் கொஞ்சம் பின்னால். சுவரோரம் வேண்டாம். உலர்த்தும் மெஷின் பக்கத்தில், குழாய்க்குக் கீழே வந்து நின்றபோது மூன்று விரலைத் தூக்கி அவள் குதித்தாள். அங்கே அலமாரி இல்லை, ஆணி இல்லை; அந்தரத்தில் போனை எப்படி வைப்பது? மனைவி போய் நீலச் சட்டையை ஹேங்கரோடு கொண்டுவந்து குழாயில் மாட்டினாள். பையில் போனைப் போட்டாள். அளவெடுத்தாற்போல் அதே உயரம்.

"இவரு சட்டைப்பையில இருந்ததவிட இதுல இருந்தாத்தான் போனுக்கு உருப்படியான வேலை" என்றாள்.

அதிலிருந்து அதற்கு டவர் சட்டை என்று பெயர். மத்தியானம் ஆனால் போன் அதன் பைக்குப் போய்விடும். நடை வெந்த துணியின் ஆவியில் புழுங்கும். மனைவியின் இஸ்திரி உஸ்ஸென்று மூச்சு விடும். பின்னறையில் பாப்பா கைகளை வீசி வீசிப் பேசுவாள், நடுநடுவே தனக்கே தெரியாத சத்தத்தில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே லாண்டரிக்காரர் துணி மடிப்பார். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாததே அவருக்கு ஒரு சுகமாக இருந்தது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கொல்லையில் துணி காயப்போட வழியில்லை. அப்படி ஒரு நாள், சூப்பும் ரொட்டியுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது பாப்பா சொன்னாள்.

"அவங்க முதலாளி கடலோரத்துல புதுக் கடை போடுறாராம். அடுப்புப் பொறுப்பு முழுக்க இவருக்குத்தானாம்."

"கடலோரம்னா? ராத்திரி பூரா ரயில்ல போகணுமே!" லாண்டரிக்காரர் கையை அவ்வளவு தூரம் வீசியதில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. "அவ்வளவு தூரமா? அங்க யாரு இருக்கா?"

"அவர் இருப்பாரு."

"அவன் இருக்கட்டும். நீ எதுக்கு?"

அவள் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தாள். மனைவி மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"என்னை எதுக்கு மிதிக்கற? உள்ளதைத்தானே கேட்டேன்" என்றார் வாயால்.

"உள்ளதைக் கேக்கற மொகமா இது? குழந்தைகிட்டேர்ந்து பொம்மையைப் புடுங்கினாப்பல இருக்கு."

அடுத்த நாள் மத்தியானம் ரொட்டி தன் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூப்பிட்டான். அவனுக்கு எல்லாமே அந்த அக்காதான். இன்றைக்குக் கேட்கப்போகிறான் என்பது பாப்பாவுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். பாப்பா பச்சை உடுப்பு போட்டிருந்தாள். தலையை இரண்டு தரம் வாரியிருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் மணி அடித்தது. விடுதி மேனேஜர். விடுதிப் படுக்கைவிரிப்புகள்தான் அந்தக் கடைக்குச் சோறு. லாண்டரிக்காரர் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் போனார், பையில் கைவிட்டார், போனைக் காதில் வைத்தார், நடந்தார். ஜன்மத்துப் பழக்கம். இஸ்திரி அறையைத் தாண்டி, மெஷின்களைத் தாண்டி, கல்லாவைத் தாண்டி, கடைவாசலின் சாரலில் போய் நின்றார்.

"சொல்லுங்க சார்... அதெல்லாம் ஆயிடும் சார்... மழைதான் சார், என்ன பண்றது?" சொல்லிச் சிரித்தார். திரும்பினார். பாப்பா எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கண் அவர் முகத்தில் இல்லை, காதருகே இருந்த போனில் இருந்தது. அவருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"நான்... மணி அடிச்சுது..." ஒரு கையால் சொல்ல முயன்றார். பாப்பா கண்களை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டவளிடம் என்ன சொல்ல முடியும்? நாம் கோபத்தில் கத்துவோம், கதவை அறைவோம். அவள் கண்ணை மூடினால் எதிராளிக்கு வாயே போய்விடும். அப்படியே திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

அந்த அறைக்குள் ஒரு சிவப்பு பல்பு உண்டு, சுவிட்ச் சமையலறையில். சாப்பிடக் கூப்பிட, எழுப்ப, எல்லாவற்றுக்கும் அதைத்தான் இரண்டு தரம் மினுக்குவார்கள். லாண்டரிக்காரர் சுவிட்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். பத்து, பதினைந்து தரம் தட்டினார். கதவிடுக்கில் வெளிச்சமே இல்லை.

"பல்பைக் கழட்டிட்டா. விடுங்க" என்றாள் மனைவி.

"என்ன ஆச்சுன்னு கேட்டியா?"

"என்ன ஆகும்? அந்தப் பையன் மனசைத் தெறந்து கேட்டிருக்கான், கூட வரியான்னு. இவ கையைத் தூக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. நெட் கட்டுன்னு எழுதி அனுப்பியிருக்கா. பேச்சுப் புடிக்கலேன்னா ஊரே சொல்ற சாக்கு அதுதானே? அவன் 'சரி, நாளைக்கு'ன்னு மட்டும் போட்டிருக்கான்."

"எழுதியே பதில் சொல்லியிருக்கலாமே."

"வாழ்க்கைக்கே பதில் சொல்லணும், அதை நாலு எழுத்துல எழுதச் சொல்றீங்க. அவளுக்கு எழுத்து என்னிக்குங்க வந்துச்சு? கைதானே அவ பேச்சு." இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். வேணும்னுதான் எடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நான் நம்பறேன். அவ நம்பணுமே."

சத்தியம் சத்தியம்தான். ஆனால் ஒன்றை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சாரலில் நின்றபடி, பேச்சு அறுந்துவிட்டது என்று புரிந்த அந்த நொடியில், அப்பாடா என்று உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விட்டது. கண் இமைக்கிற நேரம்தான். மகள் போகமாட்டாள் என்ற நிம்மதி. அதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பெற்ற பெண்ணின் வாயைப் பொத்திவிட்டு அதில் சந்தோஷப்பட்ட பாவி ஆகிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் பாப்பா வழக்கம்போல் பொத்தான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வேலையில் குறையில்லை, ஊசியை விட்டுக் கண்ணைத்தான் எடுக்கவில்லை. அவர் எதிரே போய் நின்றார். அவள் பார்க்கவில்லை. குனிந்து, மேஜையில் அவள் ஊசிக்குப் பக்கத்தில் தன் போனை வைத்தார். சிம் கார்டு செருகும் சின்னத் தட்டு வெளியே இழுபட்டு, காலியாக இருந்தது. அவள் ஊசி நின்றது. காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைத் தூக்காமலே போனை எடுத்து, தட்டை உள்ளே தள்ளி, மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதுவே போதும் என்று வந்துவிட்டார்.

அவருடைய சிம் இப்போது மனைவியின் பழைய போனில் இருந்தது. விடுதிக்காரர் கூப்பிட்டால் அவள் பேசிக்கொள்வாள்.

மழை மட்டும் விட்டபாடில்லை. விடுதி விரிப்புகள் ஒரு மலை வந்து சேர்ந்தன. உலர்த்தும் மெஷின் ஒரு வாய்க்கு மேல் வாங்காது; மிச்சத்தையெல்லாம் நடைக்குழாயில் நெடுக மாட்டிவிட்டார்கள். சொட்டச் சொட்ட வெள்ளைத் திரைகள். டவர் சட்டை அவற்றின் நடுவே கழுத்து மட்டும் தெரிய நின்றது. மத்தியானம் பாப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அறைக்குப் போனாள். போன சுருக்கில் திரும்பி வந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. ஒரு விரலைக் காட்டி, அதையும் மடக்கினாள்.

"ஈரத்துணி சிக்னலையும் குடிச்சிடும்போல" என்றாள் மனைவி.

லாண்டரிக்காரர் விரிப்புகளை இழுக்கப் போனார். போட இடம்? தரையெல்லாம் சேற்றுக்கால். நேரமும் இல்லை, கடலோரக் கடைக்குப் போவதா இல்லையா என்று ரொட்டி இன்றைக்குள் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகள் முகம் இறுகியதைப் பார்த்தார், பார்த்தும் நிற்கவில்லை. ஸ்டூலில் ஏறி, விரிப்புகளுக்கு மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே போனை ஏந்திப் பிடித்தார்.

பாப்பா தன் போனைப் பார்த்தாள். இரண்டு விரல் தூக்கினாள். அவர் நுனிக்காலில் எம்பினார். மூன்று.

அவள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினால் ஒரு கோடு குறையும், திறந்தே வைத்தாள். ஸ்டூலில் நின்றவருக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. ஜன்னலோர நாற்காலி, சாய்த்து வைத்த போன், அவள் கைகள். அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே உலர்த்தும் மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவு. அதிலும் அவள் கைகள் சின்னதாக அசைந்தன. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை எட்டிப் பிடிக்க அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஸ்டூல் ஆடியது. மனைவி ஓடிவந்து பிடித்தாள்.

"கண்ணைத் தெறங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க!"

"வேணாம்."

"ஏன்?"

"பேசறாளே."

மனைவி ஸ்டூலை இன்னும் இறுகப் பிடித்தாள். அவர் மெல்லக் கேட்டார். "நீ பாக்கறியா?"

"நான் ஸ்டூல் காலைப் பாக்கறேன்."

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தாள். "ஆமா சார், லாண்டரிதான்... அவரா? அவரு டவர்ல நிக்கறாரு, எறங்க நேரமாகும்... ஆமா சார், டவர்தான்... விரிப்பு காயுது சார், காஞ்சா வரும்." வைத்துவிட்டாள்.

தோளிலிருந்து விரல் நுனிவரை முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. சொட்டிய தண்ணீர் முழங்கை வழியே அக்குளுக்குள் ஓடியது. கையை மாற்றலாமா என்று நினைத்தார். மாற்றுகிற நொடியில் அவள் பதில் அறுந்துவிட்டால்? மாற்றவில்லை. போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மழைச் சத்தம். மெஷின் உருளும் சத்தம். ஒரு தடவை பாப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று பெற்றவருக்கே தெரியவில்லை.

பிறகு விரிப்புகள் அசைந்தன. ஈரத்துணி ஒன்று அவர் முழங்காலில் பட்டு விலகியது. ஸ்டூலைப் பிடித்திருந்த மனைவியின் கை எடுபட்டு, வேறொரு கை அவர் இடுப்பைப் பிடித்து இறக்கியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேச்சு முடிந்ததா என்று தெரியாதே.

மரத்துப்போன அந்தக் கையைப் பாப்பா தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, ரத்தம் ஓடும்வரை தேய்த்தாள். ஊசி பட்டுக் காய்த்த விரல்கள். அவர் கை கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. அப்புறம் அவள் அவருடைய விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கினாள். கட்டைவிரலையும் மேலே மடித்து வைத்து முஷ்டியாக்கினாள். மணிக்கட்டைப் பிடித்து, ஒரு தலை அசைவதுபோல் அந்த முஷ்டியை முன்னும் பின்னுமாக அசைத்தாள்.

அந்த வீட்டில் அதற்கு, சரி என்று அர்த்தம். அவனுக்கு என்ன சொன்னாள் என்பதை அப்பாவின் கையாலேயே அப்பாவுக்குச் சொன்னாள்.

மூடிய கண்ணுக்குள்ளிருந்து அவருக்குக் கண்ணீர் வழிந்தது. பாப்பா மணிக்கட்டை விட்டுவிட்டாள். முஷ்டி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை இன்னொரு தரம் அசைத்தார்.